கயிற்றைப் பிடித்தவர் யார்?

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை ஒரு வழக்குக் கட்டாகப் பிரித்துப் படித்தால், அங்கே விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை என்பது புரியும். அரசியின் சிலம்பைக் காணோம். திருடிய பொற்கொல்லனே கோவலனைக் கைகாட்டுகிறான். கோவலன் வெட்டுண்டு சாகிறான். சிலம்புக்குள் என்ன பரல் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுகிறது. அரசியுடையதில் முத்து, கண்ணகியுடையதில் மாணிக்கம். பாண்டியனுக்கு வாய்த்த தடயம் ஒன்றே ஒன்று. அதுவும் தாமதமாக உடைந்தது.

துப்பறியும் கதையை விளையாட்டாக நடத்த நினைப்பவர்கள் சறுக்குவதும் பெரும்பாலும் இதே இடத்தில்தான்.

இங்கே பேசும் விளையாட்டு, மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து வாயால் ஆடுவது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகைக்கு மூத்தது. ஒருவர் கேம் மாஸ்டர்; ஊர், மக்கள், பூதம், மழை, வெயில் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, ‘கதவுக்குப் பின்னால் ஒளிகிறேன்’ என்பதுபோல் சொல்லிக்கொண்டே போவார்கள். பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். தாயம்போல் கட்டமும் காயும் கட்டாயமில்லை.

சண்டைக்குப் பகடை பொருத்தமானது. ஓர் அடி தவறினால் அடுத்த அடி இருக்கிறது. ஆனால் மெத்தைக்கு அடியில் கிடக்கும் கடிதம் பகடை காலை வாரியதால் கண்ணில் படாமல் போனால், கதை அந்த அறையிலேயே நின்றுவிடும். 1981இல் வந்த ‘கால் ஆஃப் கதுலு’ விசாரணையையே ஆட்டத்தின் மையமாக்கியது. அன்றிலிருந்தே இந்தச் சிக்கலும் கூடவே வருகிறது. ராபின் லாஸ் வகுத்த ‘கம்ஷூ’ முறை இதற்கு ஒரு வழி சொன்னது: தேடத் தெரிந்தவர் சரியான இடத்தில் தேடினால் முக்கியத் தடயம் கிடைத்தே தீரும், பகடைக்கு அதில் வேலையில்லை. ஜஸ்டின் அலெக்சாண்டர் சொன்னது இன்னும் எளிது. கண்டுபிடிக்க வேண்டிய ஒவ்வொரு உண்மைக்கும் மூன்று தடயம் வைக்க வேண்டும். ஒன்றைத் தவறவிடுவார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும்.

தடயத்துக்கு எங்கே போவது? தூத்துக்குடிக் கரைக்குப் போகலாம். மாயக் கதைக்கு வேண்டியது பாதிக்கு மேல் அங்கே உண்மையாகவே நடந்திருக்கிறது. ‘பெரிப்ளுஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டிப்போடுபவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. பிற்காலத்தில் அவர்களுக்குக் ‘கடல் கட்டி’ என்றே பெயர். மன்னார்ப் பக்கம் பிரிட்டிஷ் அரசே அவர்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறது. மார்க்கோ போலோ சொன்னதில் ரத்தினமான செய்தி வேறு: அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தான். இரவானதும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள்.

ஒரு கொலைக் கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது. முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, நடக்கும் கரை. விடிகாலையில் ஒரு குளியாளியின் உடல் ஒதுங்குகிறது. இடுப்பில் கயிறு இருக்கிறது. கடல் அவிழ்ந்து கிடந்த நேரத்தில் அவன் ஏன் இறங்கினான்?

இங்கே தொழிலின் நடைமுறையே கேம் மாஸ்டருக்குக் கைகொடுக்கும். குளியாளி காலில் கல்லைக் கட்டி இறங்குவான். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பான். மேலே படகில் இருப்பவர் இழுக்க வேண்டும். ஆக, அவன் தனியாகப் போயிருக்க முடியாது. கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நம்புவார்கள், தங்கை தாலியை அறுக்க எந்த அண்ணனுக்கும் மனசு வராது என்று அந்தக் கரையில் சொல்வதுண்டு. ஆட்டக்காரர்களின் முதல் சந்தேகம் மச்சான்மேல் விழும். விழட்டும்.

மாய உலகக் கதைகளில் மந்திரமே துப்பறிபவருக்கு எதிரி. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் பிணத்தைப் பேசவைக்கும் மந்திரம் உண்டு. ஐந்து கேள்வி கேட்கலாம். ‘உன்னைக் கொன்றது யார்?’ என்று கேட்டால் ஆட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுமே என்று பயந்து பலர் அந்த மந்திரத்தையே தடை செய்கிறார்கள். அது சோம்பேறித்தனம். கயிற்றைப் பிடித்தது யார் என்று கேட்டால் இந்தக் குளியாளி ‘என் மச்சான்’ என்றுதான் சொல்வான், அதுவும் உண்மையாக. கடலுக்கு அடியில் இருந்தவனுக்குக் கயிறு நடுவில் கைமாறியது எப்படித் தெரியும்?

கைமாறியதுதான் ஆட்டக்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டிய உண்மை. அதற்கு மூன்று தடயம்: மச்சானின் உள்ளங்கையில் இல்லாத கயிற்றுத் தடம் ஒரு முத்து வியாபாரியின் கையில் இருக்கிறது, கயிற்று நுனியில் கடல் தெரிந்தவர் போடாத முடிச்சு, இரண்டு பேர் படகேறியதை அல்ல, மூன்று பேர் ஏறியதைப் பார்த்த சிறுவன். இன்னொன்றும் சேர்க்கலாம். சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, அலசித்தான் முத்தெடுப்பார்கள். படகில் கத்தியால் கீறிய பச்சைச் சிப்பி கிடந்தால், யாருக்கோ அவசரம் இருந்திருக்கிறது.

வியாபாரி எப்படிப் பிடிபடுவான் என்பதைக் கேம் மாஸ்டர் எழுதிவைக்கக் கூடாது. நடந்து முடிந்த குற்றத்தை நுணுக்கமாக எழுதட்டும். இனி நடப்பதை மேசையில் இருப்பவர்களிடம் விட்டுவிட வேண்டும். அவர்கள் சுறாவிடமே சாட்சி கேட்கக் கிளம்பினாலும் சரி.

ஒரு மாலையோடு முடியாத தொடர் ஆட்டமாக நீட்ட விரும்பினால், கொலைக்குப் பின்னால் பெரிய மர்மமாகச் சிப்பிகள் காணாமல் போவதை வைக்கலாம். பார் என்று கடலோர மக்கள் சொல்லும் கடலடித் திட்டுகளில் சிப்பியே இல்லாமல் பல ஆண்டுகள் சலாபம் நின்றதும், பிறகு திடீரென்று நடந்ததும் இந்தக் கரைக்குப் பழக்கம்தான். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961இல்.