சாவிக்கொத்தும் சவாரியும்

உங்கள் வீட்டுச் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். வாசற்கதவுச் சாவி, பீரோச் சாவி, மேசை இழுப்பறைச் சாவி, இரண்டு பழைய பூட்டுகளின் சாவிகள், அவற்றோடு மோட்டார் சைக்கிள் சாவி. போதாக்குறைக்குத் திருவிழாக் கடையில் வாங்கிய பித்தளைப் பொம்மை ஒன்றும் வளையத்தில் தொங்கக்கூடும். இத்தகைய கொத்து ஒன்றின் எடை 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கோழிமுட்டைகளின் எடைதான் அது. கையில் இருக்கும்போது அது ஒரு சுமையாகவே தோன்றாது.

ஆனால் அதே கொத்து ஓடும் மோட்டார் சைக்கிளில் தொங்கும்போது என்ன நடக்கிறது? ஓட்டுபவரின் சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ இருக்கும்போது என்ன நடக்கிறது? இவ்வினாக்களுக்கு உங்கள் பௌதிகப் பாடப் புத்தகமே விடை சொல்லும். இந்தியாவில் கியர் வண்டி ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே உங்களில் பலர் இன்னும் ஓட்டுநர் அல்லர். ஆயினும் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று வீட்டில் யாரேனும் ஒருவர் நாள்தோறும் வண்டி எடுப்பவராக இருப்பார். அவருக்காக இந்தச் சோதனையை நீங்கள் செய்யலாம்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

மோட்டார் சைக்கிளின் இக்னிஷன் பூட்டில் பெரும்பாலும் தகட்டுப் பூட்டு முறையே பயன்படுகிறது. ஒரு சிறிய உருளை. அதைச் சுற்றி ஒரு கூடு. உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு தகட்டையும் ஒரு சின்னஞ்சிறு சுருள்வில் வெளியே தள்ளுகிறது. வெளியே நீட்டிய தகடுகள் கூட்டிலுள்ள பள்ளத்தில் சிக்கிக்கொள்வதால் உருளை சுழலாது.

சரியான சாவியைச் செருகியதும் அதன் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் உரிய அளவுக்கு நகர்த்துகின்றன. எல்லாத் தகடுகளும் உருளையின் விளிம்போடு சமமாக நிற்கின்றன. இப்போது உருளை சுழலும், மின்சுற்று இணையும், எஞ்சினை இயக்கலாம்.

உருளை சுழன்ற பின் தகடுகளுக்கு எதிரே பள்ளம் இல்லை, கூட்டின் சுவர்தான் உண்டு. தகடுகள் அசைய முடியாது. அவை சாவியின் வெட்டுகளைக் கவ்விக்கொண்டு நிற்கும். வண்டி ஓடும்போது சாவியை உருவ முடியாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இந்த வேலை மிக நுட்பமானது. சாவியில் ஒரு வெட்டுக்கும் மற்றொரு வெட்டுக்கும் உள்ள ஆழ வேறுபாடு அரை மில்லிமீட்டர் அளவே இருக்கலாம். இனி, அந்தச் சாவியின் தலையில் 200 கிராம் கொத்து தொங்கி நாள் முழுவதும் ஆடுவதை எண்ணிப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 முறை சுழன்றால் வினாடிக்கு 100 சுழற்சிகள். அந்த அதிர்வு பூட்டையும் எட்டுகிறது. கொத்து சாவியை அங்கும் இங்கும் இழுக்க, சாவி தகடுகளின் மேல் உராய்கிறது. வெட்டுகளின் முனைகள் மழுங்குகின்றன, தகடுகள் தேய்கின்றன.

தேய்மானம் மிகுந்துவிட்டால் தகடுகளின் பிடி தளரும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி கழன்று விழுந்துவிடலாம். வேடிக்கை என்னவென்றால், சாவி விழுந்தாலும் உருளை திருகிய நிலையிலேயே இருப்பதால் எஞ்சின் நிற்காது. வீடு வந்து சேர்ந்த பிறகே ஓட்டியவருக்குச் செய்தி தெரியும். அப்போது வண்டிச் சாவி மட்டுமா போயிருக்கும்? வாசற்கதவு, பீரோ, மேசை எல்லாவற்றின் சாவிகளும் வழியில் எங்கோ கிடக்கும்!

ஊஞ்சலும் சாவிக்கொத்தும்

தொங்கும் கொத்து ஓர் ஊசலி ஆகும். வளையத்திலிருந்து கொத்தின் ஈர்ப்பு மையம் வரை 6 செ.மீ. நீளம் என்று கொள்வோம். ஊசலி வாய்பாட்டின்படி ஓர் அலைவுக்கு ஆகும் காலம் ஏறக்குறைய அரை வினாடி. அதாவது வினாடிக்கு 2 அலைவுகள். நீங்களே ஓர் ஆணியில் கொத்தைத் தொங்கவிட்டு, 10 வினாடிகளில் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். 20க்கு அருகில் வரும்.

இப்போது மேடுபள்ளமான சாலை ஒன்றில் வண்டி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகிறது. அது வினாடிக்கு 10 மீட்டர். மேடுகள் 5 மீட்டர் இடைவெளியில் இருந்தால் வினாடிக்கு 2 முறை வண்டியின் முன்பக்கம் ஏறி இறங்கும். கொத்தின் இயல்பான அலைவும் வினாடிக்கு 2 அல்லவா? ஊஞ்சலை உரிய நேரத்தில் மெல்லத் தள்ளினாலே அது உயர உயர எழும்புவது போல, கொத்தின் ஆட்டமும் பெருகும். இதுவே ஒத்ததிர்வு. நேரான சாலையில் அமைதியாகத் தொங்கிய கொத்து, இந்தச் சாலையில் பூட்டை உலுக்கி எடுக்கிறது.

திருப்புவிசையின் விளையாட்டு

கதவைக் கீலுக்கு அருகில் தள்ளினால் கடினம். கைப்பிடிக்கு அருகில் தள்ளினால் எளிது. விசையை அது செயல்படும் தொலைவால் பெருக்கினால் திருப்புவிசை கிடைக்கும். சாவிக்கும் இதே விதிதான்.

200 கிராம் கொத்தின் எடை ஏறத்தாழ 2 நியூட்டன். வளையம் சாவித்தலையின் ஓரத்தில், சுழல் அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளித் தொங்கினால் திருப்புவிசை 2 நியூட்டன் செ.மீ. சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது, வண்டி புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 2 மடங்கு முடுக்கத்தோடு மேலே உந்தப்படுவதாகக் கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் கொத்து 3 மடங்கு கனக்கும். திருப்புவிசை 6 ஆகும். கொத்து ஊசலாடிப் பக்கவாட்டில் இழுத்தால் இன்னும் மிகும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அவற்றின் இக்னிஷன் சுவிட்ச், இருக்க வேண்டிய அளவு இறுக்கமாக இல்லை. கனமான சாவிக்கொத்து குலுங்கினாலோ ஓட்டுபவரின் முழங்கால் இடித்தாலோ சாவி தானாகவே பின்னோக்கித் திரும்பிவிடும். ஓடும் காரின் எஞ்சின் நின்றுவிடும். விபத்தில் உயிர்காக்க வேண்டிய காற்றுப்பைகளும் விரியாமல் போகும். இந்தக் குறையால் நேர்ந்த 124 மரணங்களுக்கு இழப்பீடு வழங்க ஏற்பாடாயிற்று.

குற்றம் சுவிட்சினுடையது, சாவிக்கொத்தினுடையது அன்று. ஆயினும் பழுது நீக்கும்வரை அந்நிறுவனம் கார் உரிமையாளர்களுக்குச் சொன்ன யோசனை என்ன தெரியுமா? ‘வளையத்திலுள்ள அனைத்தையும் கழற்றிவிட்டு, கார்ச் சாவியை மட்டும் தனியே பயன்படுத்துங்கள்’ என்பதே. அதே ஆண்டில் வேறு சில கார்களுக்கு அது செய்த திருத்தம் இன்னும் சுவையானது. சாவித்தலையில் நீளமான பிளவாக இருந்த துளையைச் சிறிய துளையாக மாற்றினார்கள். வளையம் ஓரத்துக்கு நழுவாமல் அச்சின் அருகிலேயே நின்றது, தொலைவு குறைந்தது, திருப்புவிசையும் குறைந்தது. உங்கள் பாடப் புத்தகத்தின் ஒரு வரி, லட்சக்கணக்கான கார்களில் செயலுக்கு வந்துவிட்டது!

இருசக்கர வண்டியில் என்ன வேறுபாடு?

பல மோட்டார் சைக்கிள்களில் பூட்டு வானத்தைப் பார்த்து நிற்கும். அங்கே கொத்தின் எடை நேரடியாகச் சாவியைத் திருப்புவதில்லை; அதைப் பக்கவாட்டில் சாய்த்து இழுக்கிறது. ஆகவே தேய்மானமே முதல் கவலை. கூடவே, நீளமான சங்கிலி கைப்பிடிக்கும் பெட்ரோல் தொட்டிக்கும் இடையே சிக்கினால் கைப்பிடி முழுவதும் திரும்பாமல் போகலாம். திருப்பத்தில் அது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பல ஸ்கூட்டர்களில் பூட்டு ஓட்டுபவரின் முழங்காலைப் பார்த்தபடி முன்பக்கத் தகட்டில் இருக்கிறது. ஆகவே காரில் சொன்ன திருப்புவிசையும் முழங்கால் இடியும் இங்கே அப்படியே பொருந்தும்.

ஓடும்போது இக்னிஷன் அணைந்தால் என்ன ஆகும்? கியரில் இருக்கும் வண்டியின் எஞ்சின் நின்றதும் பின்சக்கரம் இழுத்துப் பிடிக்கப்படும். வேகம் சட்டென்று குறையும். பின்னால் வரும் லாரிக்கு அது முன்னறிவிப்பு இல்லாத நிறுத்தம். இரவானால் முன்விளக்கும் அணைந்து சாலை இருண்டுவிடும்.

பையில் போட்டால் போதுமா?

“அப்படியானால் கொத்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் போயிற்று” என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். ஒரு சிறு சோதனை செய்வோம். கோதுமை மாவைப் பிசைந்து தட்டையாக வையுங்கள். அதன்மேல் ஒரு சாவியைப் படுக்கவைத்து விரலால் அழுத்துங்கள். பிறகு அதே சாவியைச் செங்குத்தாகப் பிடித்து அதே அளவு அழுத்துங்கள். இரண்டாம் முறை சாவி மாவுக்குள் நுழைந்துவிடும். விசை மாறவில்லை, பரப்பு மாறியது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது.

60 கிலோ மனிதரின் எடை ஏறத்தாழ 600 நியூட்டன். அவர் பக்கவாட்டில் விழுந்து, இடுப்பில் 60 சதுர செ.மீ. பரப்பு தரையைத் தொட்டால் அழுத்தம் ஒரு சதுர செ.மீட்டருக்கு 10 நியூட்டன். இடையே ஒரு சாவியின் முனை நின்று, அந்த விசையில் பாதி மட்டும் அதன் வழியே சென்றாலும் போதும். முனையின் பரப்பு 0.1 சதுர செ.மீ. என்றால் அழுத்தம் 3,000 நியூட்டன். 300 மடங்கு! உண்மையான விழுகையில் விசை உடல் எடையையும் மிஞ்சும். சாதாரணச் சிராய்ப்போடு போக வேண்டியது ஆழ்ந்த காயமாகிவிடும்.

ஆகவே கழுத்துக் கயிறு, சட்டைப் பை, கால்சட்டையின் முன்பை, இடுப்பெலும்பின் மேலுள்ள பை ஆகியவை சாவிக்கொத்துக்கு ஏற்ற இடங்கள் அல்ல. முதுகுப்பையிலும் முதுகெலும்பை ஒட்டிய அறை வேண்டாம்; வெளிப்புற அறையே நல்லது.

எப்படி ஒழுங்குபடுத்தலாம்?

வழி எளிது. ஒரே கொத்தை இரண்டாக்குங்கள். வண்டிச் சாவி தனியே, ஒரு சிறிய வளையத்தில். மற்றச் சாவிகள் வேறொரு வளையத்தில், துணி அல்லது தோல் உறைக்குள். இறங்கியபின் இரண்டையும் ஒரு கொக்கியால் இணைத்துக்கொள்ளலாம், ஏறும்முன் பிரித்துவிடலாம். உறையை இருக்கைக்கு அடியிலுள்ள அறையிலோ பக்கவாட்டுப் பெட்டியிலோ வைத்துப் பூட்டுங்கள். வண்டியை விட்டு அகலும்போது மறவாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தனிச் சாவி சிறியது, எளிதில் தொலையும் என்ற குறை உண்டு. பளிச்சென்ற நிறத்தில், விரல் நீளத்துக்கு மிகாத ஒரு துணிப்பட்டையைக் கட்டினால் போதும். கனமும் இல்லை, சிக்கலும் இல்லை. வண்டியிலேயே சாவியை மறந்துவிட்டாலும் கண்ணில் படும்.

வீட்டுச் சாவிகளுக்கு வெவ்வேறு நிற உறைகள் போடலாம். இருட்டிலும் தடவிப் பார்த்து அறிய, ஒன்றுக்கு ஒரு முடிச்சு, மற்றொன்றுக்கு இரண்டு முடிச்சு என்று நூல் சுற்றலாம். முகவரியை மட்டும் வளையத்தில் எழுதித் தொங்கவிடாதீர்கள். கண்டெடுப்பவர் எல்லோரும் நல்லவராக இருப்பார் என்று சொல்ல முடியாது. மாற்றுச் சாவி வீட்டில் இருக்கட்டும். புதுவண்டியோடு சாவி எண் பொறித்த தகடு வந்திருந்தால், அதையும் வீட்டிலேயே பத்திரப்படுத்துங்கள்.

சில வண்டிச் சாவிகளின் தலைக்குள் ஒரு சிறு மின்னணுச் சில்லு உண்டு. அதற்கு மின்கலம் இல்லை. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளே மின்காந்தத் தூண்டலால் அதற்கு ஆற்றல் தருகிறது; சில்லு தன் அடையாளத்தைச் சொன்னால்தான் எஞ்சின் இயங்கும். இத்தகைய சாவிகள் இரண்டை ஒரே வளையத்தில் கோத்தால், இரண்டின் குரலும் கலந்து எஞ்சின் மறுக்கக்கூடும். தனிச் சாவிக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று மாலையே தொடங்கலாமே! தராசில் சாவிக்கொத்தை நிறுத்துப் பாருங்கள். அதில் எத்தனை சாவிகளுக்கு இன்னும் பூட்டு இருக்கிறது என்று வீட்டாரைக் கேளுங்கள். பூட்டே இல்லாத சாவி இரண்டாவது நிச்சயம் அகப்படும். அவற்றை நீக்குங்கள், வண்டிச் சாவியைப் பிரியுங்கள், மீண்டும் நிறுத்துப் பாருங்கள். முன்னெடை, பின்னெடை இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, வண்டிப் பூட்டின்மேல் குறைந்த திருப்புவிசை எவ்வளவு என்று கணக்கிடுங்கள். நாளைக் காலை வண்டி எடுப்பவரிடம் தனிச் சாவியைக் கொடுக்கும்போது அந்தக் கணக்கையும் காட்டுங்கள்.