நிகரகுவாவின் கையேந்தி பவன்

பொழுது சாய்ந்தால் கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் தோசைக்கல் காய ஆரம்பித்துவிடும். மின்சார ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் நின்றபடியே பசியாறிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

மத்திய அமெரிக்காவின் நிகரகுவாவிலும் அந்தி நேரத்துக் கடைகள் உண்டு. அங்கே அவற்றுக்கு ஃப்ரிட்டாங்கா என்று பெயர். பெரும்பாலும் பெண்கள் நடத்துபவை. வீட்டு வாசலிலேயே கரி அடுப்பு மூட்டிவிடுவார்கள். சுட்ட இறைச்சி, பொரித்த வாழைக்காய், வினிகரில் ஊறிய முட்டைக்கோஸ் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். கைகாட்டிக் கேட்டால் தட்டில் விழும்.

கிரனாடா நகரத்தின் பெருமை விகோரோன். வாழையிலையில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, அதன்மேல் மொறுமொறுவென்று பொரித்த பன்றித்தோல், மேலே முட்டைக்கோஸும் தக்காளியும். மரவள்ளி தென்னமெரிக்காவில் தோன்றி நம் சேலம், நாமக்கல் வயல்கள் வரை வந்த பயிர். வாழையோ ஆசியாவிலிருந்து அங்கே போனது. ஒரே இலையில் இரண்டும் சேர்ந்திருப்பது எவ்வளவு அழகு!

அன்றாட உணவு காயோ பிந்தோ. வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, வேகவைத்த சிவப்பு பீன்ஸையும் ஆறின சோற்றையும் போட்டுப் பிரட்டினால் முடிந்தது. காலையிலும் இதையே சாப்பிடுவார்கள்.

ராஜ்மா வைத்து நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் ராஜ்மாவை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டுக் குழைய வேகவையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும்.