சாணம் ஏற்றிய விளக்கு



விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் நம் அம்மாமார்கள் அடுப்போடு போராடிய காட்சி உங்களில் பலருக்கு மறந்திருக்காது. மழைக்காலத்தில் ரப்பர் விறகு ஈரமாக இருக்கும். ஊதி ஊதிக் கண் சிவந்துபோகும். லயம் முழுவதும் புகை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்தது. அதன் ஓரத்தில் சாணம் குவிந்து கிடக்கும். அப்பா கீரைப் பாத்திக்குக் கொஞ்சம் எடுப்பார். மீதியை மழை கால்வாயில் அடித்துப் போகும். விறகில்லை என்று அம்மா புலம்பிக் கொண்டிருந்த நேரத்தில், பத்தடி தள்ளி அடுப்புக்கு வேண்டிய நெருப்பு குவிந்து கிடந்தது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

சாணத்திலிருந்து எப்படி நெருப்பு வரும்? தோசை மாவை நினைத்துப் பாருங்கள். இரவில் மூடி வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கிறதல்லவா? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவைத் தின்று காற்றை வெளிவிடுவதால்தான் அப்படிப் பொங்குகிறது. சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் ஊற்றிக் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் அடைத்து வைத்தால், அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. அவை வெளிவிடும் வாயுவில் நூற்றுக்கு அறுபது பங்கு அளவில் மீதேன்; மீதி பெரும்பாலும் கரியமில வாயு. மீதேன் நீலச் சுடராக எரியும்; புகை இராது. வாயு போனபின் வெளியே வரும் குழம்பு வீணல்ல, நல்ல எரு. நம் நாட்டு வெயிலும் இதற்கு ஏற்றதுதான். நேப்பாளத்து மலைகளில் குளிர்காலம் வந்தால் வாயு குறைந்துவிடும்.

சோறு, காய்கறித் தோல், பழைய குழம்பு இவற்றையும் தொட்டியில் போடலாம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சாணத்தைவிட இவை அதிக வாயு தரும். ஆனால் ஒரேயடியாகக் கொட்டினால் தொட்டி புளித்துப்போய் வாயு நின்றுவிடும்.

என் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தண்ணீர்ப் போத்தலில் செய்து பார்த்தார்கள். சாணக் கரைசலை ஊற்றி, வாயில் பலூனைக் கட்டி வைத்தோம். நான்கு போத்தல்களில் மூன்றின் பலூன் பத்து நாளில் நிமிர்ந்தது. ஒன்று மட்டும் அப்படியே தொங்கியது. விசாரித்தால், அந்தப் பையன் சுத்தமாக இருக்கட்டும் என்று கிருமிநாசினி ஊற்றிப் போத்தலைக் கழுவியிருக்கிறான்! நுண்ணுயிர் செத்தபின் வாயு எங்கிருந்து வரும்? (பிள்ளைகள் வீட்டில் செய்தால் பலூனுக்கு நெருப்பு வைக்க விடாதீர்கள். பெரிய தொட்டி என்றால், எக்காரணம் கொண்டும் யாரும் உள்ளே இறங்கக்கூடாது. அந்த வாயு மூச்சை நிறுத்திவிடும்.)

இனிக் கணக்குக்கு வருவோம். கட்டிப்போட்டு வளர்க்கும் மாடு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். 25 கிலோ சாணத்தில் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒருவருக்குச் சமைக்க நாளொன்றுக்குக் கால் கன மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். ஆக, ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நான்கு மாடாவது தேவை. இங்கேதான் சிக்கல். நான்கு மாடு வைத்திருப்பவன் எந்த ஊரிலும் ஓரளவு வசதிக்காரன்தான். இந்தியாவில் 1960-களிலிருந்து கதர் கிராமத் தொழில் ஆணையம் இரும்பு மூடி மிதக்கும் தொட்டிகளைப் பரப்பியது. 1984-இல் 'தீனபந்து' என்ற செங்கல் குவிமாடத் தொட்டி வந்தது. அதில் இரும்பு மூடி இல்லாததால் செலவு குறைந்தது. ஆனாலும் மாடில்லாத ஏழைக்கு என்ன பயன்? முன்பு அவள் வழியில் கிடந்த சாணத்தைப் பொறுக்கி வறட்டி தட்டினாள். சாணத்துக்கு மதிப்பு வந்ததும், மாட்டுக்காரர் அதையும் விட்டு வைப்பதில்லை.

இந்தச் சிக்கலுக்கு ஒரு சிறு கிராமம் கண்ட வழியைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை. கர்நாடக மாநிலம் தும்கூர் மாவட்டத்தில் பூரா என்று ஓர் ஊர். நூறு வீடுகூட இல்லை. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அமுல்ய ரெட்டி என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 1970-களில் அங்கே போய், எந்த வேலைக்கு யார் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். ஊரின் எரிபொருளில் மிகப் பெரும் பங்கு சமையல் விறகு. அதைச் சுமந்து வருவதில் பெண்களின் பொழுதும் பிள்ளைகளின் பொழுதும் கழிந்தன.

ஆகவே ஊருக்கெல்லாம் பொதுவான சாணத் தொட்டி கட்டி, வீடுகளுக்குச் சமையல் வாயு கொடுக்கத் திட்டமிட்டார்கள். அது தோற்றது. ஊர் முழுவதும் சமைக்கும் அளவுக்குச் சாணம் போதவில்லை. விறகோ காசு கொடுக்காமல் கிடைத்தது. ஊர்ப் பெண்கள் கேட்டது வேறு: நல்ல குடிதண்ணீர். திறந்த குளத்துத் தண்ணீரைத்தான் அவர்கள் சுமந்து வந்து குடித்துக் கொண்டிருந்தார்கள். படித்தவர்கள் ஒன்றை நினைக்க, குடம் சுமந்தவள் வேறொன்றை நினைத்திருக்கிறாள். முதலிலேயே கேட்டிருந்தால் சில ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

திட்டத்தை மாற்றினார்கள். வாயுவை அடுப்புக்கு அனுப்பாமல் சிறிய டீசல் எஞ்சினுக்கு அனுப்பினார்கள். டீசல் கொஞ்சம், வாயு அதிகம் என்று கலந்து ஓடிய அந்த எஞ்சின் மின்சாரம் தந்தது. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீர் மேல்தொட்டிக்கு ஏறித் தெருக் குழாய்களில் வந்தது. 1987 முதல் வீடுகளில் விளக்கும் எரிந்தது.

என்னை மிகவும் கவர்ந்தது சாணக் கணக்குத்தான். காலையில் பெண்களும் பிள்ளைகளும் கூடையில் சாணம் கொண்டு வருவார்கள். அதை நிறுத்து எழுதிக் கொள்வார்கள். தொட்டியிலிருந்து வரும் குழம்பை மணல் படுகையில் வடிகட்டி, பழையபடி கட்டியாக்கி, கொடுத்த அளவுக்கு ஏற்பத் திருப்பிக் கொடுத்தார்கள். வயலுக்கு எரு குறையவில்லை. அதோடு கொண்டு வந்த கூலியாகக் கிலோவுக்கு இரண்டு பைசா. மாடு யாருடையதானாலும் சுமந்தவருக்குக் காசு. மாடே இல்லாத வீட்டுக்கும் தெருக் குழாயில் தண்ணீர். உள்ளூர் இளைஞர்களே எஞ்சினைப் பார்த்துக் கொண்டார்கள். ஊர்ச் சபை கட்டணம் வசூலித்தது. பூராவின் அந்த எஞ்சின் இன்று ஓடவில்லை. ஆனாலும் பல ஆண்டுகள் அந்த ஊர் தன் சாணத்தில் தானே விளக்கேற்றிக் கொண்டது.

நம் நாட்டில் இந்தத் தொழில் பெரிய அளவில் நடக்கிறது. செம்பனை ஆலைக் கழிவுக் குளங்களின் நாற்றம் உங்களுக்குத் தெரியுமே! அங்கேயும் உருவாவது இதே வாயுதான். ஒரு டன் கழிவுநீரில் ஏறக்குறைய 28 கன மீட்டர் வாயு பிறக்கும் என்பது ஆலைக் கணக்கு. குளத்தைத் தடித்த விரிப்பால் மூடி வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. அது ஆலையின் சொத்து. நம் கொட்டகைச் சாணம் நம்முடையது.

போன மாதம் பிள்ளைகளோடு எங்கள் தோட்டத்து மாடுகளை எண்ணினேன். பதினொரு வீடுகளில் 23 மாடுகள். பகலில் செம்பனைக் காட்டில் மேய்வதால், இரவுச் சாணம் மட்டும் மாட்டுக்கு 5 கிலோ என்று வைத்தோம். மொத்தம் 115 கிலோ; நாலரைக் கன மீட்டர் வாயு; பதினைந்து பேருக்குச் சமையல். லயம் முழுவதற்கும் போதாது. வீடுகளில் இப்போது எரிவாயுத் தோம்பு இருக்கிறது. "கோவில் மடப்பள்ளிக்குக் கொடுக்கலாம்" என்றாள் ஒரு மாணவி. பாலர் பள்ளிச் சமையலுக்கு என்றான் இன்னொருவன்.

ஆறு மாடு வைத்திருக்கும் பாட்டி ஒருவரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி டீச்சரம்மா, காலையிலே சாணத்தை அள்ளிக்கிட்டு வரப் போறது யாரு?" என்றார். பூராவின் இரண்டு பைசாக் கதையைச் சொன்னேன். "அப்போ இங்கே கிலோவுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பள்ளி விடுமுறையில் மாட்டுக்காரர்களையும் கோவில் நிர்வாகத்தினரையும் உட்கார வைத்து, முதலில் அதைத்தான் பேசுவதாக இருக்கிறோம்.