தேள் கொடுக்கு முளைத்த வசனங்கள்

காமிக்ஸ் மதிப்புரைகளில் பல, கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிட்டு ‘ஓவியங்கள் அருமை’ என்று ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. சமூகப் பிரச்சினையைப் பேசும் நூலென்றால் கேட்கவே வேண்டாம்; கருத்து நல்லது என்று சொன்னதோடு கடமை தீர்ந்துவிடுகிறது. ஆனால், காமிக்ஸில் சாதி வசனத்தில் மட்டும் குடியிருப்பதில்லை. அனந்த் பை 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசையில் தேவர்கள் பெரும்பாலும் வெளுத்த மேனியோடும் அசுரர்கள் கறுத்துப் பருத்த உடலோடும் வந்ததை நினைத்துப் பாருங்கள். கறுப்பு தாழ்ந்தது என்று எந்த வசனமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்ணமே சொல்லிவிட்டது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்கும் நூல், நவயானா பதிப்பகம் 2011இல் வெளியிட்ட ‘பீமாயணா’. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தது. அம்பேத்கரின் வாழ்வை இது பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்வதில்லை. தண்ணீர், தங்குமிடம், பயணம் என்று மறுக்கப்பட்ட மூன்றைச் சுற்றி அடுக்குகிறது. பள்ளியில் தாகத்தோடு நின்ற சிறுவன், கொலம்பியாவில் படித்துத் திரும்பியும் பரோடாவில் தங்க இடமின்றி விரட்டப்பட்ட அதிகாரி, 1934இல் தௌலதாபாத் கோட்டைக் குளத்தருகே தடுக்கப்பட்ட தலைவர் என மூவரும் ஒருவரே. படிப்பும் பதவியும் வந்தால் சாதி விலகிவிடும் என்ற நம்பிக்கையை இந்த அடுக்கே உடைக்கிறது. படங்களோ இன்னும் ஒரு படி மேலே போகின்றன. மனிதர்களைக் கட்டங்களுக்குள் அடைக்க மாட்டோம் என்று ஓவியர்கள் நூலிலேயே அறிவிக்கிறார்கள்; ஒதுக்கி அடைக்கப்பட்டவர்களின் கதைக்கு அது பொருத்தமான முடிவு. ரயில் பாம்பாக நெளிகிறது, கோட்டை விலங்காக உறுமுகிறது. அன்பாகப் பேசுவோரின் வசன பலூன் பறவை வடிவில் இருக்க, சாதி வெறியோடு பேசுவோரின் பலூனுக்குத் தேள் கொடுக்கு முளைக்கிறது. ‘தண்ணீர் கிடையாது’ என்பது தகவல் அல்ல, கொட்டு என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த உரைநடையும் சொல்லிவிட முடியாது.

இவ்வளவு அழகு கொடுமையின் கூர்மையை மழுக்கிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மான், மயில், இலைக்கொடி என்று நிறையும் பக்கங்களில் சில இடங்களில் கண் அலங்காரத்திலேயே தங்கிவிடுகிறது. எந்த வரியை அடுத்துப் படிப்பது என்ற குழப்பமும் வருகிறது. ஆனால், மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் நடந்த தலித் படுகொலை போன்ற, நூல் வெளியான காலத்தை ஒட்டிய வன்முறைகளைப் பற்றிய செய்திகள் இடையிடையே வந்து, இது பழங்கதை என்று ஆறுதல் கொள்ள விடுவதில்லை. தவிர, ஒடுக்கப்பட்டவரின் உடலைக் காயங்களாக மட்டுமே வரைவது அவருக்கு இழைக்கப்படும் இன்னோர் அநீதி. இரக்கத்தைக் கோராமல் கம்பீரத்தைக் காட்டத் துணிந்ததே இந்தக் கோடுகளின் அரசியல்.

காமிக்ஸ் பொழுதுபோக்குதானே, இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்போர் உண்டு. பொழுதுபோக்கு என்று நம்பி நாம் காவலின்றிப் பார்க்கும் படங்கள்தான் ஆழமாகப் பதிகின்றன. ஆராய வேண்டியது அதனால்தான். எனவே, மதிப்புரை எழுதும் நண்பர்களே, கதையைச் சொல்வதற்கு முன் ஒருமுறை வசனங்களை மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் பாருங்கள். யார் எந்த நிறத்தில், யார் எந்த உயரத்தில் இருக்கிறார்கள், யாருக்கு முகமே வரையப்படவில்லை என்பதை முதலில் எழுதுங்கள்.