யார்ன் வயிற்றைக் கலக்குவது ஏன்?

குன்னத்தூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். போனை வைத்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"யார்ன் ரேட்டைக் கேட்டாலே வயித்தைக் கலக்குதுங்க!"

"கலக்கத்தானுங்க செய்யும். யார்ன் பொறந்த இடமே வயிறுதானே?" என்றேன். முறைத்தார்.

ஜோக் இல்லை சார், நிஜம்!

இங்கிலீஷில் யார்ன். ஜெர்மனிலும் ஸ்வீடிஷிலும் கார்ன். எல்லாம் நூல்தான், அண்ணன் தம்பிகள். அப்படியானால் அப்பா யார்? சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னால் வட ஐரோப்பாவில் பேசிய ஆதி ஜெர்மானிய மொழியில் 'கர்ன' என்றொரு சொல் இருந்திருக்க வேண்டும் என்று மொழி அறிஞர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். யாரும் எழுதி வைத்த சொல் அல்ல. அதனால் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். பி.காம். பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாத என்ட்ரி!

ஆனால் கணக்கு டாலி ஆகிறது. பழைய நார்ஸ் மொழியில் நூலுக்கும் குடலுக்கும் ஏறக்குறைய ஒரே சொல். தூரத்துச் சொந்தமான கிரேக்க 'கோர்டே'வுக்குக் குடல் என்றும் அர்த்தம், யாழின் தந்தி என்றும் அர்த்தம். லத்தீனிலிருந்து வந்த ஹெர்னியாகூட இந்தக் குடும்பம்தான். அதாவது, குடலிறக்கம்! ஆட்டுக் குடலை முறுக்கிக் காயவைத்தால் உறுதியான கயிறு கிடைக்கும். அந்தப் பெயர் நூற்ற நூலுக்கும் ஒட்டிக்கொண்டது. நாமும் யாழ்த் தந்தியை 'நரம்பு' என்றுதானே சொன்னோம்?

பிற்காலத்தில் வெள்ளைக்காரக் கப்பல்காரர்கள், கதை அளப்பதை 'யார்ன் நூற்பது' என்றார்கள். நம்மிடம் நூல் என்றால் புத்தகம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்பார்கள். அவர் சொல்லைப் பஞ்சுக்கும் புலவரை நூற்கும் பெண்ணுக்கும் ஒப்பிட்டார். (பஸ் ஸ்டாப்பில் நம்ம பையன்கள் 'விடுகிற' நூல் அவர் கணக்கில் வராது!)

எல்லாவற்றையும் நண்பரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"2022 மே மாசம் நூல் விலை தாங்காம திருப்பூர்ல கம்பெனியெல்லாம் 2 நாள் மூடுனாங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? மெஷின் நின்னா சனிக்கிழமைச் சம்பளத்துல கை வைக்கோணும். அதை நம்பி எத்தனை குடும்பம்!"

பிறகு தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"வவுச்சர் இல்லைன்னு யாருங்க சொன்னது? இங்கதானுங்க இருக்குது!"