படம் இல்லாத பயணம்

அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்த செரோக்கி, கிரீக் பழங்குடி மக்களின் வரலாற்றை நடத்தும்போது, பழைய கடிதங்களையும் புகைப்படங்களையும் ஆண்டு வரிசையில் அடுக்கச் சொல்வேன். அப்போது வரிசையில் ஓர் இடைவெளி தெரியும்.

1835 டிசம்பரில் ஒரு சிறு குழுவினர் நியூ எச்சோட்டா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, செரோக்கி நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தனர். அவர்களுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று தலைவர் ஜான் ராஸ் 1836 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். பயனில்லை. கிரீக் மக்களை 1836-லும், செரோக்கி மக்களை 1838-லும் படைவீரர்கள் வெளியேற்றினர். ‘கண்ணீர்த் தடம்’ எனப்படும் அப்பயணத்தில் செரோக்கியர் மட்டும் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

அதற்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான். நாம் காண்பவை பின்னாளில் வரைந்த ஓவியங்கள். ஜான் ராஸின் புகைப்படங்களும் அவருடைய முதுமையில் எடுத்தவை.

ஆனால் எழுத்து இருந்தது. 1821-இல் செக்கோயா, நம் உயிர்மெய்யைப் போல ஓர் அசைக்கு ஓர் எழுத்தாகச் செரோக்கி எழுத்துமுறையை உருவாக்கி முடித்தார். 1828-இல் அதில் செய்தித்தாளே வெளிவந்தது.

ஆகவே எந்தச் சான்றைக் காட்டினாலும் மூன்று கேள்விகளைக் கேட்கச் செய்வோம்: உருவாக்கியவர் யார்? யாருக்காக? நிகழ்வின்போதா, பிறகா? ஓவியத்தைச் சான்றாக மயங்காதிருக்கவும், இழந்தவர்களின் சொல்லை அவர்கள் வாயிலாகவே கேட்கவும் மாணவர் பழகுவர்.