கூதிரும் பனியும் வீட்டுச் செடிகளும்

ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து வாழ்ந்தவர் நம் முன்னோர். நிலத்தையும் பொழுதையும் தொல்காப்பியம் முதற்பொருள் என்றது. அந்தந்த நிலத்திற்குரிய மரத்தையும் பூவையும் கருப்பொருளுள் அடக்கிற்று. மண்ணையும் பருவத்தையும் அறிந்தே செடியை அறிய வேண்டும் என்னும் தெளிவு இப்பகுப்பினுள் பொதிந்துள்ளது எனலாம். நற்றிணையின் 172ஆம் பாடலில், விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னை வித்து முளைவிட, அதற்கு நெய் கலந்த பாலூட்டி வளர்க்கின்றனர். அப்புன்னை தலைவிக்கு உடன்பிறந்தாள் என்று அன்னை உரைக்கின்றாள். செடியை வீட்டில் ஒருவராகக் கருதும் மனம் நமக்குப் புதிதன்று.

இன்று நகரங்களில் முற்றங்கள் மறைந்து அடுக்குமாடி வீடுகள் பெருகிவிட்டன. மண்ணைக் காண இயலாத வீட்டிலும் சன்னலோரத்தில் ஒரு தொட்டியேனும் இடம்பெற்றிருக்கிறது. ஆயினும், ஐப்பசியில் பசுமையாக நின்ற செடி தை முடிவதற்குள் வாடி மடிந்துவிடுவதைப் பல இல்லங்களில் காண்கிறோம். குளிர் தாங்காமல் பட்டுப்போயிற்று என்பர். அக்கூற்று உண்மைதானா? தமிழகத்தின் குளிர்பருவம் வீட்டுச் செடிகளை எவ்வாறு பாதிக்கிறது, அப்பருவத்திற்கு ஏற்ற செடிகளைத் தேர்ந்து பேணுவது எங்ஙனம் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குளிரா, நீரா?

நாம் வீட்டினுள் வளர்க்கும் செடிகளுள் பல வெப்பமண்டலக் காடுகளுக்கு உரியவை. மணி பிளாண்ட் பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரேயா என்னும் சிறு தீவைத் தாயகமாகக் கொண்டது. பாம்புச் செடி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இத்தகைய செடிகளுக்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே வெப்பம் இறங்கும்போதே குளிரால் ஊறு நேர்கிறது. சென்னை, மதுரை போன்ற சமவெளி நகரங்களில் மார்கழி இரவும் அந்த அளவை நெருங்குவதில்லை. எனவே, சமவெளியில் செடியை மாய்ப்பது குளிரன்று. வேண்டாத வேளையில் நாம் ஊற்றும் நீரே ஆகும்.

இதன் காரணத்தை நோக்குவோம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வலுக்கிறது. வானம் மூடிக் கிடப்பதால் ஒளி குறைகிறது. காற்றில் ஈரம் மிகுகிறது. ஒளி குறையும்போது செடி உணவு ஆக்குவதும் குறையும். இலை வழியே நீர் வெளியேறுவதும் குறையும். வேனிலில் ஒரே நாளில் காய்ந்த தொட்டி மண், இப்பருவத்தில் ஒரு வாரமாயினும் ஈரம் உலராமல் இருக்கும். நாமோ பழக்கத்தால் நாள்தோறும் ஒரு குவளை நீர் ஊற்றுகிறோம்.

வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களின் இடைவெளியிலுள்ள காற்றிலிருந்தே வேர் உயிர்வளியைப் பெறுகிறது. அவ்விடைவெளி முழுவதும் நீர் நிரம்பினால் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே, ஈர மண்ணில் நின்றும் இலைகள் சோர்ந்து தொங்கும். அதனைத் தாகம் என்று எண்ணி மீண்டும் நீர் ஊற்றுவோம். பரிவே செடிக்குப் பகையாகும் இடம் இதுவே. நிலத்தில் நிற்கும் புன்னை, ஊட்டியது மிகினும் தாங்கும். மிகுந்த நீரை மணல் ஈர்த்துக்கொள்ளும். சிறு தொட்டியில் நிற்கும் செடிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இதற்குத் தீர்வு எளிது. சுட்டுவிரலை மண்ணில் இரண்டு அங்குலம் செலுத்திப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பின் நீரூற்றாமல் விட்டுவிடுதல் வேண்டும். காய்ந்திருந்தால், அடித்துளை வழியே நீர் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடல் வேண்டும். செம்மண்ணுடன் ஆற்றுமணலோ தென்னை நார்க்கழிவோ, மண்புழு உரமோ கலந்த பொலபொலப்பான மண் நீரை எளிதில் வடித்துவிடும். வளர்ச்சி மந்தமாக உள்ள இப்பருவத்தில் உரத்தையும் குறைத்தல் நன்று. தொட்டி மாற்றும் பணியை மழையும் பனியும் நீங்கிப் புதுத்தளிர் தோன்றும் வேளைக்கு ஒத்திவைக்கலாம்.

கதிரவனின் இடப்பெயர்ச்சி

குளிர்பருவத்தில் செடியின் இடத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. சித்திரை நடுப்பகுதி முதல் ஆவணித் தொடக்கம் வரை அங்கு நண்பகல் ஞாயிறு உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அக்காலத்தில் தெற்குச் சன்னலில் நண்பகல் வெயில் நேராக விழுவதில்லை. மார்கழியிலோ ஞாயிறு தெற்கே வெகுவாகச் சாய்ந்து, தெற்குச் சன்னல் வழியே அறையினுள் நெடுந்தொலைவு ஒளி பாய்ச்சுகிறது. ஆடியில் வடக்குச் சன்னலில் தழைத்த செடியை மார்கழியில் கிழக்கு அல்லது தெற்குச் சன்னலுக்கு மாற்றுவது நலம் பயக்கும். சென்னையில் மார்கழிப் பகல், ஆனிப் பகலைவிட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் குறுகியது என்பதையும் நினைவிற் கொள்வோம். இலைமேற் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தாலே கிடைக்கும் சிறிதளவு ஒளியும் வீணாகாது.

தேர்ந்தெடுக்கும் முறை

அழகு கண்டு செடி வாங்குவதினும், நம் வீட்டின் ஒளி கண்டு வாங்குவதே அறிவுடைமை. ஒளி குறைந்த அறைக்கும், அடிக்கடி ஊருக்குச் செல்வோர் இல்லத்திற்கும் பாம்புச் செடி ஏற்றது. அது தடித்த இலைகளில் நீரைச் சேமித்து, இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவிலேயே திறக்கும் இயல்புடையது. மழைக்காலத்தில் திங்களுக்கு ஒருமுறையோ இருமுறையோ நீர் பெற்றாலே போதும். மிதமான ஒளியுள்ள கூடத்திற்கு மணி பிளாண்டும் அக்லோனீமாவும் பொருந்தும். மழைக்காலத்தின் ஈரக்காற்றைப் பெரணி விரும்பும். வெயில் விழும் சன்னலில் கற்றாழையும் ஓமவல்லியும் செழிக்கும்; குழந்தைகளின் சளிக்கு ஓமவல்லி இலை நம் இல்லங்களில் வழிவழியாகப் பயன்படுவது. துளசிக்கு நேர் வெயில் இன்றியமையாதது. கூடத்தின் மூலையில் வைத்தால் நலியும்.

மணி பிளாண்டைப் பற்றி மேலும் ஒன்று கூறலாம். தொங்கவிடின் அதன் இலைகள் சிறுத்துக்கொண்டே வரும். கொம்பில் ஏற்றினால் இலைகள் அகன்று பெருகும். முல்லைக்குத் தேர் ஈந்த பாரி, கொடியின் தேவை கொழுகொம்பு என்பதைக் கண்டறிந்தான். அவனது ஈகையைப் போற்றும் நாம், அந்த ஈகைக்கு முற்பட்ட கூர்ந்த நோக்கினையும் போற்றுதல் வேண்டும்.

உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களுக்கு மேற்கூறியவை அப்படியே பொருந்தா. அங்கு மார்கழி, தைத் திங்கள்களில் உறைபனி விழுவதுண்டு. அங்கு வாழ்வோர் வெப்பமண்டலச் செடிகளை இரவில் சன்னல் கண்ணாடியிலிருந்து அகற்றி, அறையின் நடுவே வைத்துக் காத்தல் வேண்டும்.

மனையோர் நலம்

செடி நலத்தினும் மனையோர் நலம் முதன்மையானது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டியின் அடித்தட்டிலும் மணி பிளாண்ட் வைத்த புட்டியிலும் தேங்கும் தெளிந்த நீரிலே பெருகக்கூடியது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் போதும். அதன் முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். நீர் வற்றினும் பல திங்கள் அழியாமல் காத்திருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே, வாரம் ஒருமுறையேனும் நீரைக் கொட்டுவதோடு அமையாது, தட்டையும் புட்டியையும் தேய்த்துக் கழுவுதல் கட்டாயம். மழைக்காலத்தில் ஒரு வாரம் இதனை மறப்பது தன் வீட்டுக்கு மட்டுமன்றி, அண்டை வீட்டுக்கும் தீங்காகும்.

டைபன்பேக்கியா என்னும் செடியின் இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. அதனைக் கடித்தால் நாவும் வாயும் எரிந்து வீங்கும். மணி பிளாண்டிலும் அக்லோனீமாவிலும் இத்தகைய படிகங்கள் உண்டு. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவற்றை எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும்.

வீட்டுச் செடிகள் காற்றைத் தூய்மையாக்கும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. 1989ஆம் ஆண்டு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வெளியிட்ட ஆய்வே இதற்கு அடிப்படை. அவ்வாய்வு மூடிய சிறு பேழைகளுள் நிகழ்ந்தது. இத்தகைய ஆய்வுகளை மீளாய்ந்து 2019இல் வெளிவந்த கட்டுரை, வாழும் வீட்டில் சில தொட்டிகளால் ஆகும் தூய்மை மிகச் சிறிது என்றும், சன்னலைத் திறந்து காற்றோட்டம் செய்வதே பயன்மிக்கது என்றும் தெளிவுபடுத்தியது. செடியை அதன் பசுமைக்காகவே வளர்ப்போம். நல்ல காற்றுக்குச் சன்னலைத் திறப்போம்.

நிறைவாக, மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். விடுதி அறையின் சன்னலில் ஒரு செடி வைத்துப் பாருங்கள். நாள்தோறும் நீர் ஊற்றுவதற்கு முன் நாள்தோறும் அதனை உற்றுநோக்குங்கள். ஈவதற்கு உரிய வேளையும் ஈயாது நிறுத்துவதற்கு உரிய வேளையும் உண்டு. அவ்விரண்டையும் பிரித்தறிவதே பேணுதல். அந்த அளவறிதலைக் கூதிர்ப்பருவத்துச் சிறு தொட்டி ஒன்று நமக்குக் கற்றுத்தரும்.